எண்ணெய் கேட்டுப் பிறந்த கப்பல்

இல்லாத பீரங்கிக்காக ஒரு கப்பலை வரைந்தார்கள். சொந்த மண்ணில் ஊறாத எரிபொருளை நம்பி அதற்குக் கொதிகலன் பொருத்தினார்கள். 1912-இல் லண்டனில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் எடுத்த இந்த இரண்டு முடிவுகளிலிருந்து பிறந்ததுதான் 'வார்ஸ்பைட்'. ஜட்லாந்து, நார்விக், கலாப்ரியா, மாட்டபான், கிரீட், சலேர்னோ, நார்மண்டி என்று இரண்டு உலகப் போர்களிலும் அது கலந்துகொண்ட சண்டைகளின் பட்டியல் நீளம். அந்தச் சண்டைகளைப் பற்றிப் புத்தகங்களும் ஏராளம். அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இந்தக் கப்பல் எதைத் தாக்க முடிந்தது, எங்கே கைகட்டி நின்றது, எதற்காகப் பாதி வழியில் திரும்பியது என்பதையெல்லாம், அது தண்ணீரைத் தொடுமுன்பே காகிதத்தில் போட்ட கணக்குதான் பெரும்பாலும் முடிவு செய்தது.

1911 அக்டோபரில் வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படை அமைச்சரானபோது அவருக்கு வயது 36. பிரிட்டனின் புதிய பெருங்கப்பல்களில் அப்போது 13.5 அங்குலப் பீரங்கி இருந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் 14 அங்குலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜெர்மனி வருடத்துக்கு வருடம் கப்பல்களைக் கூட்டிக்கொண்டே போனது. சர்ச்சில் ஒரே தாவாக 15 அங்குலம் வேண்டும் என்றார். 'டிரெட்நாட்' கப்பலைக் கட்டிவிட்டு ஓய்வுபெற்றிருந்த அட்மிரல் ஜான் ஃபிஷர், பின்னால் நின்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவரைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால் 15 அங்குலப் பீரங்கி என்று ஒன்று உலகில் இல்லை. முறைப்படி செய்வதானால் முதலில் ஒரு பீரங்கியை வார்த்து, சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறதா, குண்டு நேராகப் போகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைச் சுமக்கும் கப்பலை வரைய வேண்டும். அதற்கு ஒரு வருடம் வீணாகும். ஒரு வருடம் காத்திருக்க சர்ச்சில் தயாராக இல்லை. கப்பல்களுக்கும் பீரங்கிகளுக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு போட்டார். ஒரே ஒரு பீரங்கியை மட்டும் மற்றவற்றுக்கு நான்கு மாதம் முன்னதாகவே முடித்துச் சோதிப்பது என்று ஏற்பாடு. இரகசியம் காக்க, ஆவணங்களில் அதன் பெயர் '14 அங்குலச் சோதனைப் பீரங்கி'. அது வெடித்துச் சிதறியிருந்தால், பாதி கட்டிய கப்பல்கள் பொருத்தப் பீரங்கி இல்லாமல் தளத்திலேயே நின்றிருக்கும்.

சிதறவில்லை. 100 டன் எடை, 16 மீட்டர் நீளம் கொண்ட அந்தக் குழல் 870 கிலோ குண்டை எறிந்தது, அதுவும் குறி தவறாமல். பிரிட்டிஷார் செய்த கடற்பீரங்கிகளிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு; எனக்கும் மறுப்பில்லை. 1946-இல் சேவைக்கு வந்த அவர்களின் கடைசிப் பெரும் போர்க்கப்பலான 'வான்கார்ட்'கூட, முதல் உலகப் போர்க் காலத்தில் செய்த இதே 15 அங்குலப் பீரங்கிகளைத்தான் சுமந்தது.

பீரங்கி பெரிதானதும் மற்ற கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. முந்தைய கப்பல்களில் ஐந்து கோபுரங்களில் பத்துப் பீரங்கி. இப்போது நான்கு கோபுரங்களில் எட்டுப் பீரங்கி வைத்தாலே, ஒரே சமயத்தில் எறியும் குண்டுகளின் மொத்த எடை பழையதைவிட அதிகம். ஆகவே நடுவில் இருந்த ஐந்தாவது கோபுரத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே காலியான இடத்தில் கூடுதல் கொதிகலன்கள். 24 கொதிகலன், 75,000 குதிரைத்திறன். மணிக்கு 21 கடல் மைல் ஓடிக்கொண்டிருந்த போர்க்கப்பல் வரிசையில், 25 கடல் மைல் வேகத்தை எட்டிப்பிடிக்கக்கூடிய ஒரு தனி அணி. எதிரி வரிசையின் தலைப்பக்கம் ஓடி வளைத்துக்கொள்ளும் அணி.

இந்த வேகத்தைக் கரி கொடுக்காது. இங்கேதான் கதை இங்கிலாந்தைவிட்டு வெளியே போகிறது.

கரிக்கப்பலில் வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். கரி ஏற்றும் நாளில் அதிகாரி, சிப்பாய், வாத்தியக்காரன் என்று பேதமில்லை. பழந்துணியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் இறங்க வேண்டும். பக்கத்தில் வந்து நிற்கும் கரிச் சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நின்று சாக்குகளில் அள்ளிப்போட, சாக்குகள் மேலே வர, தளத்தில் தள்ளுவண்டியில் உருட்டி, துளை வழியாகக் கீழே கொட்ட வேண்டும். மணிக்கு இத்தனை டன் என்று கப்பலுக்குக் கப்பல் போட்டி வேறு. காதிலும் மூக்கிலும் சோற்றிலும் கரித்தூள். இது முடிந்தால் நடுக்கடலில் இன்னொரு கொடுமை. முழு வேகத்தில் ஓடும்போது நெருப்பறைக்குப் பக்கத்திலுள்ள கரி முதலில் தீரும். தூரத்துக் கிடங்கிலிருந்து காற்றில்லாத இருட்டு அறைகள் வழியாகக் கரியை மனிதர்களே வாரிக் கொண்டுவர வேண்டும். சண்டை முற்றும் நேரத்தில்தான் ஆட்கள் சோர்ந்து விழுவார்கள், வேகமும் குறையும்.

எண்ணெய்க்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இல்லை. குழாயைப் பொருத்தினால் தானே ஏறும். வால்வைத் திருப்பினால் தானே எரியும். எடைக்கு எடை பார்த்தால் கரியைவிடச் சூடும் அதிகம். நடுக்கடலிலேயே இன்னொரு கப்பலிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் வேல்ஸ் மலைகளில் உலகின் மிகச் சிறந்த கப்பல் கரி குவிந்து கிடந்த நாடு பிரிட்டன். எண்ணெய்யோ அங்கே இல்லை என்றே சொல்லலாம். கரியைக் கைவிடுவதென்றால், கடற்படையின் உயிரைக் கடல் கடந்த ஏதோ ஒரு மண்ணில் அடகு வைப்பதாகும். இதை ஆராய 1912-இல் ஃபிஷர் தலைமையில் அரச ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். ஆணையம் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல்களுக்கு எண்ணெய்க் கொதிகலன்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

அந்த மண் எது? தென்மேற்குப் பாரசீகத்தில் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் 1908 மே மாதம் எண்ணெய் பீறிட்டது. மறு வருடம் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனம் உருவானது. அதற்கு முதல் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது பர்மா மண்ணில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த பர்மா ஆயில் நிறுவனம். அபதான் தீவில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. இந்தியாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் தொழிலாளிகள் அங்கே கப்பலேறிப் போனார்கள். 1914 ஜூன் 17 அன்று, 22 லட்சம் பவுண்டு கொடுத்து அந்த நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை அரசே வாங்குவதற்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. பதினோரு நாள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டில் உலகப் போர்.

வார்ஸ்பைட்டோடு சேர்த்து இந்த வகையில் ஐந்து கப்பல்கள். 'குவீன் எலிசபெத்', 'வேலியன்ட்', 'பார்ஹாம்' ஆகிய மூன்றும் வார்ஸ்பைட்டைப் போலவே பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து வந்தவை. ஐந்தாவதின் பெயர் 'மலாயா'. மலாய் கூட்டு மாநிலங்கள் பேரரசுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது; விலை 29 லட்சம் பவுண்டை ஒட்டியது. தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த மாநிலங்களின் வருமானத்தில் பெரும்பங்கு ஈயத்திலிருந்து வந்தது. 1910-ஐ ஒட்டிய விலை ஏற்றத்துக்குப் பிறகு ரப்பரும் சேர்ந்துகொண்டது. ஈயச் சுரங்கத்தில் சீனர்கள். ரப்பர்த் தோட்டத்தில், கங்காணி கூட்டிப்போன நம் மக்கள். விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, இருட்டில் பால்மரத்தைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாகப் பால் எடுத்து, லயத்து அறைக்குத் திரும்பியவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அந்தப் போர்க்கப்பலின் இரும்பில் அவர்கள் வியர்வையும் உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் 'மலாயா'வைச் சுல்தான்களின் தாராளம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வார்ஸ்பைட்டின் அடிமரத்தை டெவன்போர்ட் தளத்தில் 1912 அக்டோபர் 31-இல் கிடத்தினார்கள். 1913 நவம்பர் 26-இல் நீரில் இறங்கியது. 1915 மார்ச்சில் சேவைக்கு வந்தது. அந்த ஆண்டே ஒரு முறை தரை தட்டியது. டிசம்பரில் உடன்பிறப்பான 'பார்ஹாம்' மீதே மோதியது. அடுத்த வருடம்தான் பெரிய சோதனை.

1916 மே 31, வட கடல், ஜட்லாந்து. 'குவீன் எலிசபெத்' பழுதுபார்க்கும் துறையில் இருந்ததால் மற்ற நான்கும் ஹியூ எவன்-தாமஸ் தலைமையில் ஐந்தாவது அணியாகப் போயின. மாலை ஆறு மணிக்கு மேல், முழு வேகத்தில் திரும்பும்போது முன்னால் போன கப்பலின் மீது மோதாமல் இருக்க வார்ஸ்பைட் சட்டென்று சுக்கானைத் திருப்பியது. ஏற்கெனவே அடிபட்டிருந்த சுக்கான் இயந்திரம் அப்படியே இறுகிக்கொண்டது. நின்றால் சாவு, ஓடினால் வட்டம்தான். கேப்டன் ஃபில்பாட்ஸ் ஓடச் சொன்னார். ஜெர்மானியக் கப்பல்களின் கண்முன்னே, அவர்கள் பீரங்கி எட்டும் தூரத்தில், வார்ஸ்பைட் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தனை குண்டும் அதை நோக்கித் திரும்பியது.

பக்கத்தில் 'வாரியர்' என்ற குரூசர் உடைந்து, புகை கக்கிக்கொண்டு தத்தளித்தது. தன்னை அழித்துக்கொண்டிருந்த நெருப்பு திடீரென்று வேறு பக்கம் போனதைப் பார்த்த அதன் மாலுமிகள், வார்ஸ்பைட் தங்களைக் காப்பாற்றத்தான் குறுக்கே வந்தது என்று நம்பினார்கள். அது வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் 'வாரியர்' அந்த இடைவெளியில் நழுவித் தப்பியது. மறுநாள் அது மூழ்கினாலும், அதற்குள் அதன் ஆட்களை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது.

வார்ஸ்பைட்டின் இரண்டாம் நிலை அதிகாரி ஹம்ஃப்ரி வால்வின் அந்த நேரம் முழுக்கத் தளம் தளமாக ஓடி, எங்கே தீ, எங்கே தண்ணீர், எங்கே ஆள் விழுந்தான் என்று பார்த்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். பெரிய குண்டுகள் மட்டும் பத்துக்கு மேல் விழுந்தன. அவர் பிறகு எழுதிவைத்த விவரணை, ஒரு போர்க்கப்பல் உள்ளே எப்படி நொறுங்குகிறது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் அரிய சாட்சியங்களில் ஒன்று. இதே வால்வின்தான் பிற்காலத்தில் பம்பாயில் இந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவராக இருந்தார். 1934-இல் அது ராயல் இந்தியக் கடற்படை என்று ஆனபோதும் பொறுப்பில் இருந்தவர் அவரே. ஜட்லாந்தில் வார்ஸ்பைட் இழந்தது 14 பேர். 'மலாயா'வில் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். வார்ஸ்பைட்டின் சுக்கான் அதன் ஆயுள் முழுக்க அவ்வப்போது முரண்டு பிடித்துக்கொண்டே இருந்தது.

1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத்தில் அந்தக் கப்பலைக் கிட்டத்தட்ட மறுபடி கட்டினார்கள். 24 கொதிகலன் போய் ஆறு வந்தது. பீரங்கிகள் அதே பழையவை. ஆனால் முன்பு 20 பாகை மட்டும் நிமிர்ந்தவை இப்போது 30 பாகை நிமிர்ந்தன. குண்டு போகும் தூரம் பல கிலோமீட்டர் கூடியது. இந்தப் பத்துப் பாகையின் பலனை 1940 ஜூலை 9 அன்று பார்க்கலாம். இத்தாலியின் கலாப்ரியா கரைக்கு அப்பால், சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த 'ஜூலியோ சேசரே' என்ற போர்க்கப்பலை வார்ஸ்பைட் அடித்தது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலைப் பீரங்கியால் அடித்ததில் இதைவிட நீண்ட தூரம் மிகமிக அரிது. அதற்கு மூன்று மாதம் முன்பு நார்வேயின் நார்விக் கழிமுகத்தில் அது அனுப்பிய சிறு மிதவை விமானம் 'யு-64' என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்திருந்தது.

மாட்டபான் சண்டையைப் பற்றிப் பெருமையோடு எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. 1941 மார்ச் 28 இரவு, கிரேக்கத்தின் தென்முனைக்கு அப்பால், பழுதாகி நின்ற 'போலா'வை மீட்க வந்த 'ஜாரா', 'ஃபியூமே' என்ற இத்தாலியக் குரூசர்கள் இருட்டில் எதையும் அறியாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றின் பீரங்கிகள் முன்னும் பின்னும் நேராக, ஓய்வு நிலையில். வார்ஸ்பைட்டும் 'வேலியன்ட்'டும் 'பார்ஹாம்'மும் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் விளக்கடித்துச் சுட்டன. 24 கிலோமீட்டர் போகக்கூடிய குண்டு மூன்றரை கிலோமீட்டரில் என்ன செய்யும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. விடியுமுன் 'போலா'வும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் போயின. இறந்தவர்கள் சுமார் 2,300 பேர். விடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலில் மிதந்தவர்களைத் தூக்க ஆரம்பித்தன. ஜெர்மன் விமானங்கள் தலைக்கு மேல் வந்ததால் அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. வார்ஸ்பைட்டில் இருந்த அட்மிரல் கன்னிங்ஹாம், மிச்சம் பேர் மிதக்கும் இடத்தை வானொலியில் இத்தாலியர்களுக்கே அறிவித்தார். அவர்கள் மருத்துவக் கப்பலை அனுப்பினார்கள். அந்த இரவில் நான் மதிக்கும் காரியம் இதுதான்.

இரண்டே மாதத்தில் கிரீட் அருகே விமானக் குண்டு விழுந்து வார்ஸ்பைட் படுகாயமடைந்தது. பழுதுபார்க்க அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிரெமர்ட்டன் வரை போனது. அங்கே இருக்கும்போதே பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 1942 மார்ச்சில் திருகோணமலைக்கு வந்து, அட்மிரல் சோமர்வில்லின் கீழைப் படைக்குத் தலைமைக் கப்பலானது.

அங்கேதான் 1912-இன் கணக்கு திரும்பி வந்து நின்றது. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கி வருகின்றன என்று சோமர்வில்லுக்குத் தகவல் உண்டு. மார்ச் கடைசியிலிருந்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். வரவில்லை. கப்பல்களுக்கு எண்ணெய்யும் தண்ணீரும் தீர்ந்துகொண்டு வந்தன. துணைக்கு இருந்த நான்கு பழைய போர்க்கப்பல்களின் நிலை இன்னும் மோசம். ஏப்ரல் 2 இரவு, மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு என்ற இரகசியத் தளத்தை நோக்கித் திரும்பினார். 4-ஆம் தேதி அங்கே எண்ணெய் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இலங்கையிலிருந்து பறந்த கனடிய விமானி லியனார்ட் பர்ச்சால் ஜப்பானியப் படையைக் கண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மீது குண்டு. 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்ற பிரிட்டிஷ் குரூசர்கள் இரண்டும் மூழ்கின. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டி ஊர்களுக்கு ஓடினார்கள். 9 அன்று திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

வார்ஸ்பைட் ஒரு குண்டும் சுடவில்லை. 1912-இல் அதிவேகமாக இருந்த கப்பலுக்கு முப்பது கடல் மைல் வேகத்தில் ஓடும் விமானந்தாங்கியை எட்டிப்பிடிக்க முடியாது. பீரங்கிக்கு எட்டாத தூரத்திலிருந்தே விமானங்கள் வந்துவிடும். பகலில் விலகி, இரவில் ரேடாரை நம்பி நெருங்கலாம் என்று சோமர்வில் முயன்றார். இரண்டு படைகளும் சந்திக்கவே இல்லை. பகலில் விலகி நின்ற அந்த முடிவைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. சந்தித்திருந்தால் ஆயிரக்கணக்கான மாலுமிகள் செத்திருப்பார்கள், இலங்கைக்கு அதனால் ஒரு நன்மையும் இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1943 செப்டம்பர் 10-இல் சரணடைந்த இத்தாலியக் கப்பல்களை மால்டாவுக்கு அழைத்துப் போனது வார்ஸ்பைட். ஆறு நாள் கழித்து சலேர்னோவில், வானொலி அலையால் இயக்கிய 'ஃபிரிட்ஸ்-எக்ஸ்' குண்டு தளங்களைத் துளைத்துக் கொதிகலன் அறையில் வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், 5,000 டன் தண்ணீர் புகுந்தது. ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைத்து, ஒரு கோபுரம் வேலை செய்யாத நிலையில், ஆறே பீரங்கியோடு 1944 ஜூன் 6 அதிகாலை நார்மண்டியில் நின்று சுட்டது. தேய்ந்த குழல்களை மாற்றப் போகும் வழியில் கண்ணிவெடி. மறுபடி ஒட்டுப்போட்டு பிரெஸ்ட், லே ஆவ்ர், வால்செரன். உடைக்க விற்ற பிறகு, 1947 ஏப்ரலில் இழுத்துப் போகும்போது புயலில் கயிறு அறுந்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரைப் பாறைகளில் ஏறிக்கொண்டது. மிச்சத்தை 1950-இல் மராசியன் கரைக்கு நகர்த்தி, சில வருடம் உட்கார்ந்து வெட்டினார்கள்.

அந்த வெட்டு நடந்துகொண்டிருந்த 1951-இல் பிரதமர் மொசாதெக் தலைமையில் ஈரான், அதாவது பழைய பாரசீகம், தன் எண்ணெய்யைத் தேசிய உடைமையாக்கியது. அக்டோபரில் 'மொரீஷியஸ்' என்ற பிரிட்டிஷ் குரூசர் வந்து அபதானின் ஆங்கில ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போனது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து மொசாதெக்கைக் கவிழ்த்தன. மறு வருடப் புது ஒப்பந்தத்தில் பழைய ஆங்கிலோ-பாரசீக நிறுவனத்துக்கு 40 சதவீதம். அந்த வருடம்தான் அது 'பிரிட்டிஷ் பெட்ரோலியம்' என்று பெயர் மாறியது.

திருகோணமலையிலும் அந்தத் தாகத்துக்காகக் கட்டியவை இருக்கின்றன. எண்ணெய்க்கு மாறிய கடற்படைக்காக 1920-களிலிருந்து சீனன்குடாவில் கட்டிய பெரும் எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு குதத்தின் மேலேயே விழுந்ததில், அந்தக் குதம் நாள்கணக்கில் எரிந்தது. எஞ்சிய 99 குதங்களை 2022 ஜனவரி ஒப்பந்தம் பங்கு போட்டது: இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு ஒரு புரிந்துணர்வில் கையெழுத்திட்டன.